மண்ணில் உலோகம் இருந்தால் செடி காட்டுமா, எடுக்குமா? பெங்களூர் வீட்டுத் தோட்டக்காரர்கள் கேட்கும் கேள்விகள்

பெங்களூரில் மொட்டை மாடியிலும் வீட்டுக்குப் பின்னால் கிடைத்த துண்டு நிலத்திலும் கீரை, காய் போடும் தமிழ்க் குடும்பங்கள் நிறைய. அல்சூர், மர்ஃபி டவுன் பக்கத்துப் பழைய வீடுகள், பீன்யா தொழிற்பேட்டையை ஒட்டிய தாசரஹள்ளி, மைசூர் ரோட்டில் விருஷபாவதி ஆற்றோரம், பெல்லந்தூர் ஏரிக்குக் கீழ்ப்பக்கம் என்று ஆளுக்கோர் இடம். கேட்பது மட்டும் ஏறக்குறைய ஒன்றுதான். மண்ணில் ஈயம், காட்மியம் இருக்குமோ, இருந்தால் ஏதாவது செடி வைத்து எடுத்துவிடலாமா? திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே பதில்.

நாங்கள் தொழிற்சாலையா நடத்துகிறோம்? வீட்டு மண்ணில் ஈயம் எப்படி வரும்?

கொஞ்சம் ஈயம் எல்லா மண்ணிலும் உண்டு. பாறை உடைந்து மண்ணாகும்போதே கூட வந்தது. கிலோவுக்கு 10 முதல் 40 மில்லிகிராம் வரை என்றால் அது இயற்கை. அதற்கு மேல் போனால் பெரும்பாலும் மனிதர் சேர்த்தது.

இந்தியாவில் பெட்ரோலிலிருந்து ஈயத்தை எடுத்தது 2000-ல்தான். அதுவரை வண்டிப் புகையில் வந்த ஈயம் ரோட்டோர மண்ணில் படிந்தது. ஈயம் மக்காது, மழையில் எளிதில் கரைந்து போகவும் செய்யாது. மேல்மண்ணிலேயே உட்கார்ந்திருக்கும். அடுத்தது பெயின்ட். வீட்டுப் பெயின்டில் ஈயம் 90 பி.பி.எம்.-ஐ, அதாவது பத்து லட்சத்தில் 90 பங்கை, தாண்டக் கூடாது என்ற விதி அமலுக்கு வந்ததே 2017 நவம்பரில். அதற்கு முன் அடித்த கேட், ஜன்னல் கம்பி எனாமலைச் சுரண்டிக் கீழே தள்ளியிருந்தால், அந்தச் சுவரை ஒட்டிய இரண்டடி மண்தான் உங்கள் வீட்டிலேயே மோசமான மண். பெரும்பாலானவர்கள் ரோஜாவும் புதினாவும் நடுவதும் அங்கேதான்.

தெருவுக்குத் தெரு ஆபத்து மாறும். பழைய பேட்டரியை உடைத்த பட்டறை இருந்த இடத்தில் ஈயம். உலோக முலாம் பூசும் பிளேட்டிங் பட்டறை இருந்த இடத்தில் குரோமியம், நிக்கல். பீன்யாவில் நிலத்தடி நீரிலேயே குரோமியம் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. கம்ப்யூட்டர் ஒயரைக் கொளுத்திச் செம்பு எடுத்த இடத்தில் எல்லாம் கலந்து கிடக்கும். பசவனகுடி பெரிய காளை கோயில் பக்கம் தொடங்கும் விருஷபாவதி, நகரத்தின் மேற்குப் பாதியின் சாக்கடையையும் பட்டறைக் கழிவையும் சுமந்துகொண்டு பிடதி அருகே பைரமங்கலா ஏரிக்குப் போகிறது. அந்தத் தண்ணீர் பாயும் வயலில் வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமாக உலோகம் சேரும்.

கடையில் வாங்கும் எருவும் ஒரு வழி. நகரக் குப்பையில் செய்யும் கம்போஸ்டுக்கு உரக் கட்டுப்பாட்டு ஆணையில் வரம்பு இருக்கிறது. கிலோவுக்கு ஈயம் 100 மில்லிகிராம், காட்மியம் 5, நிக்கல் 50. மூட்டையின் மேல் பரிசோதனை விவரம் இல்லாவிட்டால் கடைக்காரரிடம் கேளுங்கள். மூஞ்சியைச் சுளித்தால் வேறு கடை பாருங்கள்.

கழிவுநீர் பாயும் நிலத்தில் கீரை பச்சைப் பசேலென்று இருக்கிறதே. கெட்ட மண்ணில் அப்படி வளருமா?

தாராளமாக வளரும். சாக்கடை நீரில் தழைச்சத்தும் மணிச்சத்தும் ஏராளம், அதனால்தான் அந்தச் செழிப்பு. காட்மியம் மனிதனுக்குக் கெடுதல் செய்யும் அளவு, கீரைக்குக் கெடுதல் செய்யும் அளவைவிட மிகக் குறைவு. செடி வாடுவதற்கு வெகு முன்னாலேயே அது சாப்பிடத் தகாததாகிவிடும். துத்தநாகம், செம்பு, நிக்கல் அப்படியல்ல. அவை அளவு மீறினால் செடியே முதலில் மஞ்சளாகிக் குன்றிப் போகும். அந்த விதத்தில் அவை கொஞ்சம் நேர்மையான உலோகங்கள்.

அப்படியானால் செடியைப் பார்த்தே உலோகத்தைக் கண்டுபிடிப்பது என்பது கதையா?

கதையில்லை. ஐரோப்பாவில் துத்தநாகச் சுரங்கப் பகுதிகளில் மட்டும் பூக்கும் மஞ்சள் வயோலா ஒன்று உண்டு. ஆப்பிரிக்காவின் கட்டங்காவில் செம்பு மிகுந்த மண்ணில் வளரும் ஒரு சிறு செடியைச் செம்புப் பூ என்றே அழைத்தார்கள், அதைத் தடம் பிடித்துத் தாதுவைத் தேடினார்கள். ஆனால் இவையெல்லாம் ஆயிரக்கணக்கான வருஷமாக உலோகம் வெளியே தெரியும் மலைகளில் நடந்தவை. நாற்பது வருஷம் பட்டறை நடந்த தாசரஹள்ளிச் சந்துக்கு அப்படி ஒரு தனிப் பூ கிடையாது. அங்கே முளைப்பது எங்கும் முளைக்கும் பார்த்தீனியமும் அருகும்தான்.

நகரத்தில் பயன்படுவது வேறு வழி. செடியின் தோற்றத்தைப் பார்ப்பதில்லை. அதைப் பறித்து, உலர்த்தி, அமிலத்தில் கரைத்து, உள்ளே எவ்வளவு உலோகம் சேர்ந்திருக்கிறது என்று அளக்கிறார்கள். இதில் பேர் வாங்கியவை மாஸ் எனப்படும் மரத்துப் பாசியும் லைக்கனும். லைக்கன் என்றால் பிரியாணிக்குத் தாளிக்கும் கல்பாசி இருக்கிறதே, அந்த இனம். இரண்டுக்கும் உண்மையான வேர் கிடையாது. காற்றிலும் மழையிலும் வருவதை உடம்பு முழுக்க வாங்கி வைத்துக்கொள்ளும். அதனால் பல வருஷக் காற்றின் கணக்கு அதற்குள் இருக்கும்.

நமக்குத் தெரிந்த இடத்திலேயே எடுத்துக்காட்டு இருக்கிறது. கொடைக்கானலில் 2001-ல் மூடப்பட்ட தெர்மோமீட்டர் தொழிற்சாலையைச் சுற்றிப் பாதரசம் பரவியதா என்ற கேள்வி எழுந்தபோது, ஹைதராபாத்தில் உள்ள அணுசக்தித் துறை ஆய்வகத்தினர் மரங்களிலிருந்து லைக்கனையும் பாசியையும் எடுத்துத்தான் அளந்தார்கள். பாதரசம் கூடுதலாக இருந்தது. 2003-ல் அந்த முடிவு வெளியானது. அதே வருஷம் பெங்களூரின் லைக்கன்களைப் பற்றி, குறிப்பாக லால்பாக்கை வைத்து, உலோக அளவுகளோடு ஓர் ஆய்வுக் கட்டுரை வந்தது.

எனக்கு மிகவும் பிடித்தது அமெரிக்காவின் போர்ட்லாந்து கதை. நகரத்தில் 346 இடங்களில் மரத்துப் பாசியைச் சுரண்டி எடுத்தார்கள். வரைபடத்தில் வைத்துப் பார்த்தால் ஓரிடத்தில் காட்மியம் எகிறி நின்றது. அங்கே வண்ணக் கண்ணாடி செய்யும் பட்டறை. விலையுயர்ந்த காற்று அளக்கும் கருவிகள் அந்த ஊரிலும் சில இடங்களில்தான் இருந்தன, பாசியோ எல்லாத் தெருவிலும் இருந்தது. 2016-ல் விஷயம் வெளியே வந்ததும் அந்தப் பட்டறை காட்மியத்தை நிறுத்த வேண்டியதாயிற்று. நம் ஊர் மழைமரங்களில் பாசிக்கா பஞ்சம்?

ஒன்றை மறக்க வேண்டாம். பாசி சொல்வது காற்றின் கதை. மண்ணின் கதைக்கு வேர் விட்ட செடி வேண்டும்.

அதை வீட்டில் நாங்களே செய்ய முடியுமா?

அளப்பதற்கு ஆய்வகம் தேவை. மாதிரியை ஒழுங்காக எடுப்பது உங்கள் கையில்தான் இருக்கிறது. தண்டுக்கீரையோ பாலக்கீரையோ நல்ல தேர்வு, இரண்டும் காட்மியத்தைத் தாராளமாக இலைக்கு ஏற்றுபவை. சந்தேகமான இடத்தில் ஒரு பாத்தி போடுங்கள். நல்லதென்று தெரிந்த தொட்டி மண்ணில் அதே விதையை அதே நாளில் போடுங்கள். ஒரே வயதில் பறியுங்கள். ஒப்பிட ஆள் இல்லாத எண் எதையும் சொல்லாது.

அப்புறம், சந்தேகமான பாத்திக் கீரையை இரண்டாகப் பிரித்து ஒரு பாதியை நன்றாகக் கழுவியும் மறு பாதியைக் கழுவாமலும் கொடுங்கள். கழுவாததில் ஈயம் அதிகம், கழுவியதில் குறைவு என்றால் அது இலைமேல் படிந்த புழுதி. இரண்டிலும் ஒரே அளவு என்றால் வேர் வழியாக வந்தது. முதல் வகைக்கு வேலி, மூடாக்கு (மண்மேல் சருகோ வைக்கோலோ பரப்புவது), கழுவுதல் போதும். இரண்டாவதற்கு மண்ணையே பார்க்க வேண்டும். இந்த ஒரு வித்தியாசம் தெரிந்தாலே பாதிக் குழப்பம் தீரும்.

இலைக்கீரைக்குக் கோடெக்ஸ் என்னும் சர்வதேச உணவுத் தர அமைப்பின் வரம்பு, பச்சைக் கீரை ஒரு கிலோவுக்கு ஈயம் 0.3 மில்லிகிராம், காட்மியம் 0.2. ஆய்வகம் உலர் எடைக்குக் கணக்குச் சொன்னால் எண் சுமார் பத்து மடங்கு பெரிதாகத் தெரியும், ஏனென்றால் கீரையில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். எந்த எடைக்கு என்று கேட்டுவிட்டுப் பிறகு பதறுங்கள்.

மண் பரிசோதனைக்கு எங்கே போவது? மண்வள அட்டை போதாதா?

போதாது. அரசின் மண்வள அட்டையில் 12 விவரங்கள் இருக்கும். தழை, மணி, சாம்பல், கந்தகம், துத்தநாகம், இரும்பு, செம்பு, மாங்கனீசு, போரான், அமிலத்தன்மை, உப்புத்தன்மை, கரிமச்சத்து. ஈயமும் காட்மியமும் அதில் இல்லவே இல்லை. “அட்டையில் எல்லாம் பச்சை” என்று நிம்மதியாக இருப்பவர்களை நிறையப் பார்க்கிறேன்.

ஆய்வகங்களின் தரத்துக்குச் சான்று தரும் என்.ஏ.பி.எல். அமைப்பின் அங்கீகாரம் பெற்ற தனியார் ஆய்வகங்கள் பெங்களூரில் பல உண்டு. ஜி.கே.வி.கே. வேளாண் பல்கலைக்கழகத்திலும் விசாரிக்கலாம். “ஈயம், காட்மியம், குரோமியம், நிக்கல், ஆர்செனிக், மொத்த அளவு வேண்டும்” என்று தெளிவாகக் கேளுங்கள். கூடவே அமிலத்தன்மையும். பாத்தியில் எட்டுப் பத்து இடங்களில் 15 முதல் 20 சென்டிமீட்டர் ஆழம் வரை மண் எடுத்து, பிளாஸ்டிக் வாளியில் கலந்து, அதிலிருந்து அரைக் கிலோ கொடுங்கள். துத்தநாகம் பூசிய மண்வெட்டியும் வாளியும் வேண்டாம். சுவரோர மண்ணைத் தனிப் பையில் போடுங்கள். நடுத்தோட்ட மண்ணோடு கலந்தால் இரண்டு உண்மையும் மறைந்துவிடும்.

ரிப்போர்ட்டில் ஈயம் கிலோவுக்கு 180 மில்லிகிராம் என்று வந்திருக்கிறது. பயப்பட வேண்டுமா?

குழந்தைகள் விளையாடும் வீட்டு மண்ணுக்கு அமெரிக்காவின் சுற்றுச்சூழல் முகமை பல வருஷமாக 400 என்று வைத்திருந்த எச்சரிக்கை அளவை 2024-ல் 200 ஆக்கியது. கனடாவின் விவசாய மண் வழிகாட்டி ஈயத்துக்கு 70, காட்மியத்துக்கு 1.4 என்கிறது. ஆக 180 என்பது “வீட்டைக் காலி செய்” எண் அல்ல. கீரை போடாதே, குழந்தையை வெறும் மண்ணில் விடாதே என்று சொல்லும் எண். தக்காளியும் அவரையும் போடலாம்.

கடுகும் சூரியகாந்தியும் போட்டால் ஈயத்தை உறிஞ்சிவிடும் என்று வீடியோவில் சொல்கிறார்களே?

இதற்குக் கணக்குப் போட்டுப் பார்ப்பதே நல்ல பதில்.

பத்தடிக்குப் பத்தடி பாத்தி. அதில் 20 சென்டிமீட்டர் ஆழ மண் சுமார் 2,400 கிலோ இருக்கும். ஈயம் கிலோவுக்கு 300 மில்லிகிராம் என்றால் பாத்தியில் மொத்தம் 720 கிராம். அதை 200-க்கு இறக்க 240 கிராம் ஈயத்தை வெளியே எடுக்க வேண்டும். நல்ல உரம் போட்டுக் கடுகு வளர்த்தால் அந்தப் பாத்தியில் உலர்ந்த எடை 9 கிலோ கிடைக்கிறது என்று தாராளமாக வைத்துக்கொள்வோம். கடுகின் தண்டு இலையில் ஈயம் கிலோவுக்கு 100 மில்லிகிராம் ஏறியது என்று அதிலும் தாராளமாக வைப்போம், சாதாரணமாக அவ்வளவு ஏறாது. ஒரு போகத்துக்கு 0.9 கிராம் வெளியே வரும். வருஷத்துக்கு மூன்று போகம் போட்டாலும் ஏறக்குறைய தொண்ணூறு வருஷம். உங்கள் பேரன் அறுவடை செய்துகொண்டிருப்பான்.

காரணம் ஈயத்தின் குணம். மண்ணில் களிமண், இரும்பு ஆக்சைடு, பாஸ்பேட் எல்லாவற்றோடும் ஒட்டிக்கொள்ளும். பெங்களூர்ச் செம்மண்ணில் இரும்புக்குக் குறைவில்லை. தப்பித் தவறி வேருக்குள் போனாலும் அங்கேயே தங்கிவிடும், மேலே ஏறாது. 1990-களில் இதைத் தாண்ட ஒரு வழி கண்டார்கள். மண்ணில் இ.டி.டி.ஏ. என்ற ரசாயனத்தை ஊற்றினால் ஈயம் கரைந்து கடுகுக்குள் நிறைய ஏறும். ஏறியது உண்மை. கரைந்ததில் செடி எடுக்காத மீதி மழையோடு நிலத்தடி நீருக்கு இறங்கியதும் உண்மை. போர்வெல் தண்ணீர் குடிக்கும் ஊரில் அந்த வித்தை வேண்டவே வேண்டாம்.

சூரியகாந்திக்குப் பேர் வந்தது செர்னோபில் அருகே ஒரு குளத்தில். மிதவையில் வளர்த்து, வேரைத் தண்ணீரில் தொங்கவிட்டு, கதிரியக்கச் சீசியத்தையும் ஸ்ட்ரான்ஷியத்தையும் எடுக்க வைத்தார்கள். அங்கே உலோகம் நீரில் கரைந்து வேருக்குப் பக்கத்திலேயே இருந்தது. 2011-ல் புகுஷிமா விபத்துக்குப் பிறகு ஜப்பானியர் அதையே மண்ணில் செய்து பார்த்தார்கள். மண்ணிலிருந்த சீசியத்தில் இரண்டாயிரத்தில் ஒரு பங்குதான் பூச்செடிக்குள் வந்தது. வேளாண் அமைச்சகமே பயனில்லை என்று சொல்லிவிட்டது. வீடியோக்களில் முதல் பாதி மட்டும் வரும்.

அப்போது உலோகம் தின்னும் செடி என்று ஒன்றுமே இல்லையா?

இருக்கிறது, அதுவும் ஆச்சரியமான அளவில். பசிபிக்கில் உள்ள நியூ கலிடோனியாத் தீவில் ஒரு மரம், பட்டையைக் கீறினால் நீலப்பச்சையாகப் பால் வடியும். அந்தப் பாலை உலர்த்தினால் கால் பங்கு நிக்கல். 1970-களில் இதைப் பற்றி எழுதிய பிறகுதான் இத்தகைய செடிகளுக்கென்று தனிப் பட்டியல் உருவானது. உலர் எடையில் கிலோவுக்கு 1,000 மில்லிகிராம் நிக்கல் இருந்தால் இந்தக் கூட்டத்தில் சேரலாம் என்று 1977-ல் எல்லை வகுத்தார்கள். இன்று எழுநூறுக்கு மேற்பட்ட வகைகள் தெரியும், பெரும்பாலானவை நிக்கல் பிரியர்கள்.

நமக்கு அருகிலேயே ஒன்று இருக்கிறது. பழைய வீட்டின் சுண்ணாம்புச் சுவர் விரிசலிலும் வடிகால் ஓரத்திலும் நீளமான ஏணி மாதிரி இலை விட்டு வளரும் ஒரு பெரணி. டெரிஸ் விட்டாட்டா என்பது அதன் அறிவியல் பெயர். அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில், மரக்கட்டைக்கு ஆர்செனிக் மருந்தேற்றிய கைவிடப்பட்ட இடத்தில் அது செழித்து நின்றதைப் பார்த்து அளந்தார்கள். இலையின் உலர் எடையில் 2 சதவீதத்துக்கு மேல் ஆர்செனிக் ஏறக்கூடியது என்று 2001-ல் தெரிந்தது. அந்தப் பெரணிக்கு அது விஷமாகவே படவில்லை. ஆர்செனிக் பிரச்சினை உள்ள மண்ணுக்கு அது நிஜமான வழி. உங்கள் பிரச்சினை ஈயம் என்றால் அதனால் பயனில்லை.

காட்மியத்துக்கும் நம்பிக்கை உண்டு. மண்ணில் காட்மியத்தின் மொத்த அளவே சில மில்லிகிராம்தான், ஈயம் போல நூற்றுக்கணக்கில் இருக்காது, செடிக்குள்ளும் சுலபமாக ஏறும். ஜப்பானில் காட்மியத்தை அதிகம் இழுக்கும் ஒரு நெல் ரகத்தை மாசுபட்ட வயலில் இரண்டு வருஷம் போட்டு, தண்ணீரை வடித்துவிட்டு வளர்த்தபோது மண்ணின் காட்மியம் சுமார் 38 சதவீதம் குறைந்தது. வயலில் தண்ணீர் நின்றால் காட்மியம் கந்தகத்தோடு சேர்ந்து பூட்டிக்கொள்ளும், வடித்தால்தான் வேருக்குக் கிடைக்கும். நுட்பம் அதில்தான் இருக்கிறது. அதே ஜப்பானில், காட்மிய அரிசியால் எலும்பு நோய் வந்த ஜின்சு ஆற்றுப் படுகையில் செடியை நம்பவில்லை. மண்ணையே மாற்றினார்கள். முடிக்க முப்பது வருஷத்துக்கு மேல் ஆயிற்று.

வெட்டிவேர் நடலாமா?

நடலாம், ஆனால் எதற்கென்று தெரிந்து நடுங்கள். வெட்டிவேர் ஈயம், குரோமியம் எல்லாவற்றையும் தாங்கும். எடுத்ததில் பெரும்பகுதியை வேரிலேயே வைத்துக்கொள்ளும், இலைக்குக் கொஞ்சம்தான் அனுப்பும். அதனால் மண்ணைச் சுத்தம் செய்ய அது உதவாது. மண்ணைப் பிடித்து நிறுத்த அதைப் போல ஒன்றில்லை. மழையில் அரித்துப் பக்கத்துக் கிணற்றுக்குப் போகாது, கோடையில் புழுதியாகப் பறக்காது. ராணிப்பேட்டையில் மூடிய ஆலை விட்டுப்போன லட்சம் டன்னுக்கு மேற்பட்ட குரோமியக் கழிவு போன்ற குவியல்களைப் பார்த்தால், அரிக்காமல் பறக்காமல் நிறுத்துவதே எவ்வளவு பெரிய காரியம் என்று புரியும்.

சந்தேகமான இடத்தில் வளர்ந்த வேரை மட்டும் தோண்டிக் குடிநீர்ப் பானையில் போட்டுவிடாதீர்கள். நம் வீடுகளில் கை அதற்குத்தான் போகும். விசிறி, தட்டி கட்டவும் வேண்டாம்.

ஏரியில் ஆகாயத்தாமரை உலோகத்தை எடுக்கிறதாமே? அள்ளிக்கொண்டு வந்து எருவாக்கலாமா?

எடுக்கும், நன்றாகவே எடுக்கும். அதனால்தான் பெல்லந்தூர், வர்த்தூர் போன்ற ஏரிகளில் அள்ளியதைக் காய்கறித் தோட்டத்துக்குக் கொண்டுவராதீர்கள். ஏரியிலிருந்து உங்கள் பாத்திக்கு உலோகத்தை வண்டி வைத்து ஏற்றி வந்த மாதிரி ஆகும். மாட்டுக்கும் போடாதீர்கள். ஜக்கூர் ஏரியில் சுத்திகரிப்பு நிலையத்துக்கு அடுத்து நீர்ச்செடிப் படுகை வைத்துத் தண்ணீரைத் தெளிய விடுகிறார்கள். நல்ல ஏற்பாடு, ஆனால் அதன் முக்கிய வேலை தழைச்சத்தையும் மணிச்சத்தையும் குறைப்பது.

உலோகம் ஏறிய செடியைப் பிடுங்கி எங்கே போடுவது?

வீடியோக்கள் தொடவே தொடாத கேள்வி இது. எருக்குழியில் போட்டால் உலோகம் திரும்ப மண்ணுக்கு. கொளுத்தினால் காட்மியம், ஆர்செனிக்கின் ஒரு பகுதி புகையில். நிஜமாகவே அதிகம் ஏறிய செடி, அந்தப் பெரணி மாதிரி, அபாயக் கழிவுதான். பெங்களூருக்கு வெளியே தாபஸ்பேட்டையில் அதற்கான பொதுக் குழி இருக்கிறது, வழி மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் மூலம். ஒரு வீட்டுக்காரர் இரண்டு மூட்டைக்காக அங்கே அலைவது நடக்கிற காரியமில்லை. அதனாலும்தான் வீட்டளவில் உறிஞ்சும் செடி வளர்க்கச் சொல்ல எனக்கு மனமில்லை. லேசாக மாசுபட்ட மண்ணில் வளர்ந்த சாதாரணப் புல்லிலும் களையிலும் உலோகம் சொற்பமே. அதை வெட்டி அதே இடத்தில் மூடாக்காகப் போடுங்கள், வேறு பாத்திக்கு மட்டும் கொண்டுபோக வேண்டாம்.

சரி, அந்த மண்ணில் எதைத்தான் போடுவது?

இலையில் அதிகம், கிழங்கில் அடுத்து, காயில் குறைவு, விதையுள்ள பழத்தில் இன்னும் குறைவு. பொதுவான வரிசை இதுதான். கீரை, புதினா, கொத்தமல்லி, முள்ளங்கி, கேரட்டைத் தொட்டிக்கு மாற்றுங்கள். அவரை, வெண்டை, தக்காளி, பூசணி, மா, கொய்யா தரையில் இருக்கலாம். மண் கொஞ்சம் அதிகமாகவே கெட்டிருந்தால் செண்டுமல்லி, சாமந்தி போடுங்கள். கே.ஆர். மார்க்கெட் இருக்கும்வரை பூவுக்கு விலை இருக்கும். பைரமங்கலாப் பக்கத்து விவசாயிகள் நெல்லை விட்டுத் தீவனப் புல்லுக்கும் மல்பெரிக்கும் போனார்கள். பட்டுப்பூச்சி தின்பது சரி, மாடு தின்னும் புல் பால் வழியாக நம்மிடம்தான் திரும்பும் என்பதால் அதில் பாதிதான் தீர்வு.

மண்ணின் அமிலத்தைப் பார்த்து, 6.5-க்குக் கீழே என்றால் சுண்ணாம்பு போட்டு 7 பக்கம் கொண்டுவாருங்கள். காட்மியம், துத்தநாகம், நிக்கல், ஈயம் எல்லாம் அமில மண்ணில்தான் தாராளமாக வேருக்குப் போகும். நன்றாக மக்கிய எருவும் பிடித்துவைக்கும். உலோகம் அங்கேயே இருக்கும், செடிக்குக் கிடைக்காது. ஆர்செனிக் இருந்தால் மட்டும் சுண்ணாம்பு வேண்டாம், அதன் போக்கு நேரெதிர்.

குழந்தை அந்த மண்ணில்தான் விளையாடுகிறான். கீரையை நிறுத்தினால் போதுமா?

கீரையைவிட இதுதான் அவசரம். ஈயம் குழந்தைக்குள் போகும் பெரிய வழி விரல்தான், சாப்பாடு அப்புறம். உலக சுகாதார நிறுவனம் ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று எதையும் சொல்வதில்லை. 1990-களின் கடைசியில் பெங்களூர், சென்னை, வேலூர் உட்பட ஏழு நகரங்களில் ரத்தத்தில் ஈயத்தை அளந்தபோது, குழந்தைகளில் பாதிப் பேருக்கு டெசிலிட்டருக்கு 10 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ இருந்தது. இன்று 3.5-ஐத் தாண்டினாலே கவனிக்கச் சொல்கிறது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம். அந்த ஆய்வை முன்னின்று நடத்திய டாக்டர் துப்பில் வெங்கடேஷ் பின்னால் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் ஈய நச்சுக்கென்றே ஒரு தேசிய மையத்தை நடத்தினார்.

செடியின் உண்மையான உதவி இங்கேதான். வெறும் மண் கண்ணில் படாதபடி அருகம்புல்லோ வேறு தரைமூடிச் செடியோ அடர்த்தியாக வளருங்கள். புல் ஈயத்தை எடுக்கிறதா என்பது கவலையில்லை, புழுதி எழாது, விரலில் ஒட்டாது. சுவரோர இரண்டடிக்குச் செம்பருத்தி மாதிரி புதர் வைத்துக் குழந்தை போகாதபடி செய்யுங்கள். செருப்பு வாசலோடு நிற்கட்டும், கை கழுவிவிட்டுத்தான் தட்டு. சந்தேகம் பலமாக இருந்தால் ரத்தப் பரிசோதனை செய்யலாம்.

பழைய பட்டறை இருந்த சைட் விலைக்கு வருகிறது. வாங்கிவிட்டு அப்புறம் செடி வைத்துச் சுத்தம் செய்துகொள்ளலாமா?

ரிஜிஸ்டர் செய்வதற்கு முன் மண்ணைப் பாருங்கள். பேட்டரி, பிளேட்டிங், பெயின்ட், சாயம் இதில் ஏதாவது அங்கே நடந்ததா என்று அக்கம்பக்கத்தில் இருபது வருஷமாகக் குடியிருப்பவரிடம் கேட்டால் ஐந்து நிமிஷத்தில் தெரிந்துவிடும். எங்கே தொட்டி இருந்தது, எந்த மூலையில் கழிவை ஊற்றினார்கள் என்பது வரை சொல்வார்கள். அந்த மூலையில் 15 சென்டிமீட்டர், 50 சென்டிமீட்டர், ஒரு மீட்டர் என்று மூன்று ஆழத்தில் மாதிரி எடுங்கள். போர்வெல் இருந்தால் தண்ணீரில் ஆறிணைதிறன் குரோமியத்தையும் (குரோமியத்தின் அதிக நச்சு வடிவம்) சோதியுங்கள். ஒரு மீட்டரிலும் எண் பெரிதாக வந்தால் எந்தச் செடியின் வேராலும் அதற்கு வழி செய்ய முடியாது. மண்ணை வெட்டி எடுத்து முறைப்படி கொட்ட வேண்டிய செலவு அது. அந்தச் செலவை விலையில் கழிக்க விற்பவர் ஒப்புக்கொள்கிறாரா என்று பாருங்கள்.

மாசுபட்ட இடங்களுக்கென்று மத்திய அரசு 2025 ஜூலையில் தனி விதிகளை அறிவித்திருக்கிறது, மாசுபடுத்தியவரே சுத்தம் செய்யும் செலவை ஏற்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. ஷட்டரை இறக்கிவிட்டு ஊர் மாறிப்போன பட்டறைக்காரரை அந்த விதி தேடிப் பிடிப்பதற்குள் உங்கள் வீட்டுக் கிரகப்பிரவேசம் முடிந்துவிடும். ஆகவே மாதிரி எடுக்க விடமாட்டேன் என்று விற்பவர் சொன்னால், பேச்சை அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.